பிள்ளை குடும்பத்தின் அரட்டைக் குழு, தென்னாப்பிரிக்கா: கிஷனுக்கு அக்டோபரில் 18

சரோ: எல்லாருக்கும் வணக்கம். என் பையன் கிஷனோட ஸ்பெஷல் ஸ்கூல்ல இருந்து லெட்டர் வந்திருக்கு. டிசம்பரோட அவனுக்கு ஸ்கூல் முடியுதாம், அடுத்த வருஷம் இடம் கிடையாதாம். அக்டோபர் 4ல 18 ஆகுது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குன்னு இப்ப அரசாங்கத்துல இருந்து மாசாமாசம் வர்ற கிராண்ட் என்ன ஆகும், யாருக்காவது தெரியுமா?

தேவன்: அது தானா பெரியவங்க கிராண்ட்டா மாறிடும். பயப்படாதே.

லோகி: தானா மாறாது தேவா.

லோகி: சரோ, நீளமா எழுதுறேன், நிதானமா படி. இப்ப வர்றது கேர் டிபென்டன்சி கிராண்ட். 18 ஆகுற மாசக் கடைசியோட அது நின்னுடும். அக்டோபர் பணம் வரும், நவம்பர்ல வராது. அதுக்கப்புறம் பெரியவங்களுக்கான டிஸ்எபிலிட்டி கிராண்ட், 18 வயசுல இருந்து 59 வரைக்கும். அதுக்குப் புது விண்ணப்பம், புது மருத்துவப் பரிசோதனை. 18 ஆகுறதுக்கு முன்னாடி சாசாவுல, அதான் கிராண்ட் கொடுக்கிற அரசு அலுவலகத்துல, எழுதிக்க மாட்டாங்க. ஆனா பணம் கணக்காகுறது விண்ணப்பிச்ச நாள்ல இருந்து. அதனால பிறந்தநாள் முடிஞ்ச அடுத்த வேலை நாளே வரிசையில நிக்கணும். நவம்பர் கடைசியில போனா நடுவுல போன பணம் போனதுதான்.

பிரியா: 😮

சரோ: அப்ப நாளைக்கே டாக்டர்கிட்ட ரிப்போர்ட் வாங்கிடவா சித்தி?

லோகி: வாங்காதே! மருத்துவ ரிப்போர்ட் 3 மாசத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. இப்ப ஜூலை ஆரம்பத்துல வாங்கினா, சாசாவுக்குப் போற நாள்ல அது செல்லாம போற நிலைமைதான். செப்டம்பர் நடுவுல வாங்கு. இப்ப வாங்க வேண்டியது ஸ்கூல் ரிப்போர்ட். ஸ்கூல் சைக்காலஜிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எழுதினது, பழைய மதிப்பீடுகள், எல்லாத்துக்கும் காப்பி. டிசம்பருக்கு அப்புறம் அந்த பைலை எடுக்க அலையணும்.

ரஞ்சி: நான் அன்னைக்கே சொன்னேன் நார்மல் ஸ்கூல்ல போடுங்கன்னு.

லோகி: அது முடிஞ்ச பேச்சு அண்ணி. இப்ப அடுத்ததைப் பார்ப்போம்.

தேவன்: 18க்கு பார்ட்டி உண்டா? நான் பெரிய அண்டாவுல மட்டன் பிரியாணி போடுறேன்.

ரஞ்சி: அக்டோபர் 4 புரட்டாசி!! மட்டனா?

பிரியா: மாமா 🙈

தேவன்: சரி, பீன்ஸ் பிரியாணி.

ரஞ்சி: அண்டா யாருது? போன வருஷம் ஆடிக் கூழுக்கு வாங்கிட்டுப் போனது இன்னும் வீட்டுக்கு வரல.

செல்வி: அண்டாவை அப்புறம் பேசலாம். லோகி சித்தி, பரிசோதனையில ஏன் நிறைய பேருக்கு கிராண்ட் இல்லைன்னு வருது?

லோகி: நல்ல கேள்வி. பரிசோதிக்கிற டாக்டருக்குக் கிடைக்கிறது கொஞ்ச நேரம். கிஷன் தலை சீவி, சட்டையை உள்ளே விட்டு, குட் மார்னிங் டாக்டர்னு கை கொடுப்பான். அவர் பார்க்கிறது அதைத்தான். நோயோட பேர் மட்டும் எழுதின பேப்பர் அங்க உதவாது. தினசரி நிலை தெரியணும். ஒரே பக்கத்துல எழுது: தானே செய்றது, ஞாபகப்படுத்தினா செய்றது, கூட ஆள் இல்லாம முடியாதது. குளியல், சமையல், மாத்திரை, காசு கணக்கு, தெரியாதவங்க கூப்பிட்டா போறானா, எல்லாமே. வலிப்புக்குத் தனியா தேதி, நேரம், எத்தனை நிமிஷம், அப்புறம் எவ்வளவு நேரம் தூங்கினான். அந்தப் பக்கத்துல கூட்டியும் எழுதாதே, பிள்ளைப் பாசத்துல குறைச்சும் எழுதாதே. அம்மாமார் குறைச்சுத்தான் எழுதுவாங்க.

சரோ: 🙏 எழுதுறேன்.

லோகி: ஐடி கார்டு எடுத்தாச்சா? 16ல இருந்தே எடுக்கலாம், முதல் தடவை இலவசம். அது இல்லாம ஒண்ணும் நகராது. காப்பியெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல முத்திரை போட்டுக்கோ, காசு கிடையாது. விண்ணப்பம் கொடுத்ததும் தேதி போட்ட ரசீது வாங்காம எழுந்து வராதே. இல்லைன்னு பதில் வந்தா அதை எதிர்த்து முறையிட 90 நாள் உண்டு, அதுக்கு அந்த ரசீதும் மறுப்புக் கடிதமும் வேணும்.

செல்வி: அக்கா, ஒரு நல்ல சேதி. பிள்ளைங்க கிராண்டுக்கு அப்பா அம்மா வருமானத்தைப் பார்ப்பாங்க. 18க்கு மேல பார்க்க மாட்டாங்க. அவன் பேர்ல என்ன இருக்கு, என்ன வருதுன்னுதான் பார்ப்பாங்க. கல்யாணம் ஆகியிருந்தா துணையோடதும் சேரும்.

ரஞ்சி: அப்ப மெர்பேங்க் வீடு வித்தா அவன் பங்கை அவன் பேர்லயே பேங்க்ல போட்டுடலாம். அண்ணன் ஆசைப்பட்டதும் அதுதான்.

தேவன்: வீடு விக்கிறதுன்னு யார் முடிவு பண்ணினது?

செல்வி: அத்தை, மொத்தமா அவன் பேர்ல போட்டா அந்தப் பணமே அவன் கிராண்டைக் குறைக்கும், இல்லன்னா நிறுத்திடும். மாற்றுத்திறனாளிக்குன்னே ஸ்பெஷல் டிரஸ்ட் இருக்கு. சாதாரண டிரஸ்ட்ல தங்குற வருமானத்துக்கு நேரா 45% வரி. ஸ்பெஷல் டிரஸ்டுக்குத் தனி மனுஷனுக்குப் போல 18%ல இருந்து ஏறும். உயில்லயும் "கிஷனுக்கு"ன்னு எழுதாம "கிஷனுக்கான டிரஸ்டுக்கு"ன்னு எழுதணும். டிரஸ்ட் பணத்தை கிராண்ட் கணக்குல எப்படி எடுப்பாங்கன்னு வக்கீல்கிட்ட முதல்லயே கேளுங்க. அதுக்கு முன்னாடி யாரும் கையெழுத்துப் போட வேணாம்.

ரஞ்சி: நான் அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

சரோ: தெரியும் அத்தை.

தேவன்: அவனுக்காகக் கையெழுத்துப் போட பவர் ஆஃப் அட்டர்னி எடுத்துட்டா எல்லாம் சரோவே பார்த்துக்கலாமே.

லோகி: தேவா, பவர் ஆஃப் அட்டர்னின்னா கொடுக்கிறவனுக்கு அது என்னன்னு புரியணும். புரியலைன்னா அது செல்லாது. புரிஞ்சதுன்னா பல விஷயம் அவனே செய்யலாம். 18 ஆனதும் சட்டப்படி அவன் பெரிய ஆள், அம்மா கையெழுத்து தானா செல்லாது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு கடுமையா இருக்கிறவங்களுக்குச் சொத்தைப் பார்த்துக்க மாஸ்டர் ஆஃப் தி ஹை கோர்ட்ங்கிற அதிகாரி ஒரு அட்மினிஸ்ட்ரேட்டரை நியமிக்கலாம், 2002 மனநலச் சட்டத்துல வழி இருக்கு. ஹை கோர்ட் மூலமா க்யூரேட்டர், அதாவது காப்பாளர்னு போனா செலவு ரொம்ப அதிகம். கிஷனுக்கு இது ரெண்டும் வேணாம்னுதான் எனக்குத் தோணுது. அவன் கையெழுத்துப் போடுறான், பக்கத்துல இருந்து சொன்னா புரிஞ்சுக்கிறான். நமக்கு வசதின்னு அவன் உரிமையை எடுத்துடக் கூடாது. சாசா பணத்தை வாங்கித் தர மட்டும் ஆள் வேணும்னா புரொக்கியூரேட்டர் போட்டுக்கலாம்.

பிரியா: 👏👏

சரோ: ஜனவரியில அவன் காலைல எங்க போவான்? அதுதான் எனக்குத் தூக்கம் வரல.

லோகி: அதுதான் கிராண்டை விடப் பெருசு. சும்மா வீட்ல உட்கார்ந்தா ஸ்கூல்ல கத்துக்கிட்டதெல்லாம் சில மாசத்துல கரையும். மாற்றுத்திறனாளிங்க மேற்பார்வையில வேலை செய்ற புரொடெக்டிவ் வொர்க்‌ஷாப்ல வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும், இப்பவே பேர் கொடு. மாற்றுத்திறனாளிங்களுக்கு வேலை கொடுக்கிற தொழிலாளர் துறையோட எஸ்இஇ தொழிற்சாலைகள் இருக்கு, மரவேலை, தையல் மாதிரி. டர்பன்லயும் உண்டு. லேர்னர்ஷிப், அதாவது கம்பெனியில வேலை செஞ்சுக்கிட்டே கத்துக்கிற பயிற்சி, இன்னொரு வழி. பெரும்பாலும் 12 மாசம், மாசம் ஸ்டைபெண்ட்.

செல்வி: லேர்னர்ஷிப்ல ஜாக்கிரதை. மாற்றுத்திறனாளியை எடுத்தா கம்பெனிக்கு வரியில கூடுதல் கழிவு கிடைக்கும், அதனால எடுக்க ஆள் இருக்கு. ஆனா 12 மாசம் முடிஞ்சா வேலை உண்டான்னு எழுத்துல கேளுங்க. ஸ்டைபெண்ட் வருமானக் கணக்குல வரும், சாசாவுக்குச் சொல்லியாகணும். கிராண்ட் நின்னு, லேர்னர்ஷிப்பும் முடிஞ்சா திரும்ப முதல்ல இருந்து விண்ணப்பம்.

தேவன்: என் பிரெண்டோட பேக்கரி இருக்கு. கேட்டுப் பார்க்கவா?

லோகி: கேளு. ஆனா ஓவன் பக்கம் வேணாம், வலிப்பு இருக்கு. ஸ்லைசர் மெஷினும் வேணாம். பேக்கிங் மேசை சரி. "ரொட்டி பேக் பண்ணு"ன்னு சொன்னா அது ஒரு வேலை இல்ல, அவனுக்கு ஏழு வேலை. கை கழுவு, கையுறை போடு, பையைத் திற, ஆறு பன் எண்ணு, உள்ளே வை, கிளிப் மாட்டு, கூடையில அடுக்கு. ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து மேசைக்கு மேல ஒட்டணும். எண்ணுறதுலதான் தப்பு வரும், அதுக்கு ஆறு குழி இருக்கிற தட்டு வச்சா எண்ணவே வேணாம், குழி நிறைஞ்சா சரி. முதல்ல ரெண்டு மணி நேரம் போதும். யார் மேற்பார்வைன்னு ஒரே ஆள் பேர் வேணும். அஞ்சு பேர் அஞ்சு விதமா சொன்னா மதியத்துக்குள்ள அழுதுடுவான்.

கிஷன்: நான் பன் பேக் பண்றேன் தேவன் மாமா. ஓவன் வேணாம். சூடு

தேவன்: ❤️ சரிடா ராஜா

லோகி: பார்த்தீங்களா. அவனைக் கேக்காம இவ்வளவு நேரம் பேசியிருக்கோம். கிஷன், காலைல வேலையா, மதியமா?

கிஷன்: காலை. மதியம் கிரிக்கெட்

சரோ: பல பேர் சேர்ந்து போற மினிபஸ் டாக்சியில தனியா அனுப்ப பயமா இருக்கு சித்தி.

லோகி: ஒரே நாள்ல அனுப்பச் சொல்லல. முதல்ல பக்கத்துல உட்கார்ந்து போ. அப்புறம் அதே டாக்சியில பின் சீட்ல, பேசாம. அப்புறம் நீ அடுத்த டாக்சியில. கடைசியா அவன் போய் இறங்கிப் போன் பண்ணணும். சில்லறை சரியா ஒரு குட்டிப் பர்ஸ்ல, போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. முன்னால இருக்கிறவங்ககிட்ட காசு கொடுத்து அனுப்புறதையும் பழக்கு, அங்கதான் குழம்புவான். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாடி வர்ற அடையாளம் ஒண்ணு சொல்லிக் கொடு, அதைப் பார்த்ததும் டிரைவர்கிட்ட சொல்லணும். வேணும்னே ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, அப்ப என்ன செய்யணும்னும் பழக்கணும். டிரைவர் வழியை மாத்துற நாள் நிச்சயம் வரும். கழுத்துல அட்டை: பேர், உன் நம்பர், வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை, வாயில எதுவும் வைக்காதே, 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்.

பிரியா: அட்டை நான் டிசைன் பண்றேன்.

ரஞ்சி: ஆஸ்பத்திரி மாறுமா?

லோகி: பெரியவங்க கிளினிக்குக்கு மாத்துவாங்க அண்ணி. டாக்டர்கிட்ட சுருக்கக் கடிதம் வேணும்: எந்த மாத்திரை, எவ்வளவு, எது ஒத்துக்கல. கையில ஒரு மாச மாத்திரை மிச்சம் இருக்கும்போதே புது கிளினிக்ல தேதி வாங்கணும். மாத்திரை திடீர்னு நின்னா வலிப்பு வரலாம்.

ரஞ்சி: கிளினிக்குக்கு நான் கூட வர்றேன் சரோ. வரிசையில உட்கார எனக்கு ஒண்ணும் இல்ல.

சரோ: சரி அத்தை ❤️

செல்வி: லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த முதல் வெள்ளி சரோ அக்கா அங்க ரிப்போர்ட் வாங்கப் போகணும். கூட யார்?

தேவன்: பாக்குறேன்.

சரோ: பாக்குறேன்னா வர மாட்டீங்க அண்ணா.

லோகி: நான் வர்றேன், 9 மணி. ஸ்கூல்கிட்ட நாலாவது டேர்ம்ல வாரம் ரெண்டு நாள் வெளிய வேலைப் பயிற்சிக்கு விடச் சொல்லிக் கேப்போம். எழுத்துல கேப்போம். பேக்கரி சரின்னு சொன்னா அங்கேயே. தேவா, அதுக்குள்ள கேட்டுச் சொல்லு.

தேவன்: செவ்வாய் சொல்றேன்.

ரஞ்சி: அண்டாவையும் செவ்வாய்க்குள்ள கொண்டு வா.