டிராவல்ஸ் வண்டிக்கு வந்த மூன்று வேகச் சலான்கள்: பணம் யார் கட்டுவது, உரிமம் யாருடையது போகும்?

கேள்வி: அல்சூர் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரில் ஒன்பது ஆண்டுகளாக மஞ்சள் பலகை வண்டி, அதாவது வாடகைக் கார் ஓட்டுகிறேன். வண்டி என்னுடையதன்று, ஒரு டிராவல்ஸில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறேன். பெரும்பாலும் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய்வரும் டூட்டி; வாரத்தில் சில நாட்கள் ஐ.டி. அலுவலக ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலை.

சென்ற வாரம் சம்பளம் வாங்கப் போனபோது மூவாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு, வேகமாகப் போனதற்கான மூன்று அபராதச் சலான்களின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுத்தார்கள். பல்லாரி சாலையில் ஒன்று மணிக்கு 91 கிலோமீட்டர் வேகம், மற்றொன்று 96. வெளிவட்டச் சாலையில் மூன்றாவது. குறுஞ்செய்தி எல்லாம் வண்டி உரிமையாளரின் எண்ணுக்கே போவதால், ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. முதல் இரண்டு நாட்களில் நான் வேகமாகப் போனது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் "கஸ்டமர் வெயிட்டிங், இருபது நிமிடத்தில் ஏர்போர்ட்டில் இரு" என்று செய்தி வந்திருந்தது. அப்போது நான் ஹெப்பாள் மேம்பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் கேட்க விரும்புவது இதுதான்: பணத்தை நானே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? என் உரிமத்துக்கு ஆபத்து உண்டா? பாதித் தள்ளுபடி வரும்வரை காத்திருக்கலாம் என்று சக ஓட்டுநர்கள் சொல்கிறார்களே, அது சரியா?

பதில் 1: ஸ்ரீராமபுரம் பெரியவர்

தம்பி, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று சலான்களையும் மேசையில் பரப்பி, உங்கள் டிரிப் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து, தேதியையும் நேரத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒரே வண்டியைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் ஓட்டும் இடங்களில் அடுத்தவர் சலான் நம் தலையில் விழுவது புதிதன்று, எனக்கே நடந்திருக்கிறது. அடுத்து, போக்குவரத்துக் காவல்துறையின் தளத்திலோ அவர்களுடைய அஸ்திரம் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். வண்டியின் நிறம், எண் பலகை, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எல்லாம் உங்கள் வண்டிதானா என்று உறுதி செய்யுங்கள். எட்டு என்ற இலக்கத்தைக் கேமரா மூன்று என்று படித்துவிட்டதால், நான் போகவே போகாத மைசூர் சாலையிலிருந்து எனக்கு ஒரு சலான் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்க் காட்டினேன், நீக்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். ஹெப்பாளைத் தாண்டிய பிறகு விமான நிலையம்வரை தோராயமாக 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். 80-இல் போனால் 15 நிமிடம், 96-இல் போனால் பன்னிரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்துக்கு ஆயிரம் ரூபாய் விலை. அந்த நேரத்தையும் முன்னால் நிற்கும் ஒரு வண்டி விழுங்கிவிடும். இந்தக் கணக்கை ஒரு நாள் கரிப்பென்சிலால் போட்டுப் பார்த்த பிறகுதான் என் வலது கால் அடங்கியது.

பதில் 2: நீதிமன்ற எழுத்தர்

நான் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் மேசைக்கு வரும் வழக்குகளில் வாகன வழக்குகள் பாதி. சட்டம் சொல்வதை மட்டும் எழுதுகிறேன்.

வேகத்துக்கான தண்டனை மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, கார் போன்ற இலகு வாகனத்துக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் இரண்டாயிரம்வரை அபராதம் விதிக்கலாம். பெங்களூரில் சலான்களில் வழக்கமாக வருவது ஆயிரம். கவனிக்க வேண்டியது தொகை அன்று. ஓட்டியவரை மட்டுமல்லாமல், தம்மிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்டச் செய்தவரையும் அந்தப் பிரிவு தண்டனைக்குரியவராகவே சொல்கிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவைப் பலர் படிப்பதே இல்லை: இவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் கட்டளையிட்டு, அந்த நேரத்துக்குள் வேக வரம்பை மீறாமல் போய்ச் சேர்வது நடைமுறையில் முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்தக் கட்டளையே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சான்றாகும், அதாவது மறுத்து நிரூபிக்கப்படாதவரை ஏற்கப்படும் சான்று. உங்கள் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறொரு கைபேசியிலும் சேமித்து வையுங்கள். இதனால் உங்கள் பொறுப்பு மறைந்துவிடாது. ஆனால் பொறுப்பு உங்களுடையது மட்டுமன்று என்று பேசுவதற்கு உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

கேமரா சலான்களுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் வந்த 167A விதி பொருந்தும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். வேகம் அளக்கும் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். உங்கள் முதலாளிக்குக் குறுஞ்செய்தி எந்தத் தேதியில் வந்தது என்று கேளுங்கள். சலானை மறுக்க விரும்பினால் கட்டாமல் விட்டு ஓடி ஒளிய வேண்டியதில்லை. எதிர்த்து வாதாடுகிறேன் என்று சொல்வது உங்கள் உரிமை. ஆனால் 96 உண்மை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதை எதிர்த்து வாதாடுவதில் நான்கு நாள் டூட்டி போகும்.

உரிமத்தைப் பொறுத்தவரை அச்சம் நியாயமானது. இரண்டாம் முறை பிடிபட்டால் உரிமத்தை முடக்க வேண்டும் என்று அதே 183-ஆம் பிரிவு சொல்கிறது. வேகம், சிவப்பு விளக்கு மீறல் போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஓட்டுவதே பிழைப்பாக உள்ளவருக்கு ஆயிரம் ரூபாயை விட அந்த மூன்று மாதம்தான் பெரிது. 130-ஐத் தாண்டினால் கதையே வேறு. 2024 ஆகஸ்ட் முதல் கர்நாடகத்தில் அதற்கு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்கிறார்கள்.

பதில் 3: நான்கு வண்டிக்காரர்

எல்லோரும் ஓட்டுநர் பக்கமே பேசுகிறீர்கள். நான் வண்டி உரிமையாளன். ஒரு டிரிப் கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்று தானாகவே பறப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சலானை நான் ஏன் கட்ட வேண்டும்? யார் ஓட்டினார் என்று காவல்துறை கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை 133-ஆம் பிரிவின்படி எனக்கு இருக்கிறது, சொல்வேன்.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒன்று இடிக்கிறது. மஞ்சள் பலகை வண்டியில் 80-இல் நிறுத்தும் ஸ்பீட் கவர்னர் இருக்க வேண்டும். அது வேலை செய்யும் வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் முள் 80-ஐத் தாண்டி நகராது. மேம்பாலம் ஏறும்போது நமக்கே எரிச்சல் வரும். 96 போனதென்றால் யாரோ அந்த ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். அது ஓட்டுநரின் வேலையா, டிராவல்ஸின் வேலையா என்று விசாரியுங்கள். டிராவல்ஸின் வேலை என்றால், சம்பளத்தில் பிடிக்க அவர்களுக்கு முகம் இருக்கக் கூடாது.

தள்ளுபடிக்குக் காத்திருப்பதைப் பற்றி: 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்று அறிவித்தபோது நானும் வரிசையில் நின்றேன். 2025-இல் ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரை மறுபடி கொடுத்தார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இடையில் வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டால் நிலுவை வழியில் நிற்கும். ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு வாரம் வண்டியை நிறுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பதில் 4: அல்சூர் ஓட்டுநர்

ஸ்ரீராமபுரம் ஐயா சொன்னபடி டிரிப் ஷீட்டை ஒத்துப் பார்த்தேன். வெளிவட்டச் சாலைச் சலானின் நேரம் அதிகாலை 2.40. அதற்கு முந்தைய இரவு 11 மணிக்கே சாவியை இரவு ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், கிலோமீட்டர்கூட எழுதியிருக்கிறது. அதைக் காட்டியதும் மேலாளர் பேசாமல் ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மற்ற இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு போனேன். சட்டப் பிரிவு எதையும் வாயால் சொல்லவில்லை. எழுத்தர் அண்ணன் எழுதியதை அச்செடுத்து மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். கவர்னரைப் பற்றிக் கேட்டபோது முதலாளி, வண்டியை வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். இப்போது அதைச் சரிசெய்ய அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சலானை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஒன்றை நான் ஏற்றுக்கொண்டேன். முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன், வேலையும் வேண்டுமே. தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் என் பங்கை இன்று காலை பெங்களூர் ஒன் அரசுச் சேவை மையத்தில் கட்டி, ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நேற்று இரவு மறுபடியும் "இருபது நிமிடத்தில் ஏர்போர்ட்" என்று செய்தி வந்தது. "ஹெப்பாளில் நிற்கிறேன், முப்பத்தைந்து நிமிடம் ஆகும், வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள்" என்று பதில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி வந்தது. மறுமொழி எதுவும் வரவில்லை. வாடிக்கையாளர் வருகைப் பகுதிக்கு எதிரில் காபி குடித்துக்கொண்டு நின்றிருந்தார்.