தோட்டத்துச் சாளையில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டு ஆள் வைக்கலாமுங்களா?

கவுந்தப்பாடிக்காரன் எழுதியது:

வணக்கமுங்க. கவுந்தப்பாடிக்கு மேற்கே தோட்டத்துச் சாளையில் (தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில்) இருக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது. போன சித்திரையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். ஆனால் எந்த மாடு சினை, மஞ்சள் இன்றைக்கு என்ன விலை, ஒறம்பரையில் (சொந்தபந்தத்தில்) யார் இன்னும் வந்து பார்க்கவில்லை, எல்லாம் கணக்காக நினைவில் வைத்திருக்கிறார்.

வீட்டில் நானும் என் மனைவியும்தான். அவளுக்கு ஏற்கெனவே இடுப்பில் சவ்வு விலகல். அம்மாவைத் தூக்கிப் புரட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலுக்கு ஆள் கிடைக்கிறது, ராத்திரி தங்கத்தான் ஒருத்தரும் வருவதில்லை. "பெருந்துறைக் கம்பெனி வேன் வாசலுக்கே வந்து ஏத்திக்கிட்டுப் போகுது சாமி, பீ மூத்திரம் அள்ள யாரு வருவா" என்று பக்கத்துத் தோட்டத்து அம்மாயி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

கோயமுத்தூரில் ஓர் ஏஜென்சியில் 25,000 முன்பணம் கட்டினேன். வந்த பெண் ஒன்பதாம் நாள் பஸ் ஏறிவிட்டாள். "மாற்று ஆள் அனுப்பறோம் சார்" என்று மூன்று மாதமாகச் சொல்கிறார்கள்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் வீட்டில் ஓர் இந்தோனேசியப் பெண் வேலைக்கு இருக்கிறாள், கெட்டிக்காரி. "ஆறு மாசத்துக்கு அவளை அங்கே அனுப்பி வைக்கிறேன், சம்பளம் நானே கொடுத்துக்கறேன்" என்கிறான். கோபியில் தெரிந்தவர் ஒருவர் நேபாளப் பெண்கள் கிடைப்பார்கள் என்கிறார். இதெல்லாம் சட்டப்படி நடக்குமா? அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்க.

பனியன்_பேப்பர் எழுதியது:

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு மெஷின் டெக்னீஷியன்களுக்கு விசா வேலை பார்ப்பவன் நான். தம்பி சொல்வது நடக்காதுங்க.

இந்தியாவில் வேலை பார்க்க வேலைவாய்ப்பு விசா வேண்டும். அதற்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். தங்கள் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர், ஆங்கிலம் அல்லாத மொழி சொல்லித்தருபவர், தூதரக ஊழியர் மாதிரிச் சிலருக்குத்தான் விலக்கு. அதற்கு மேல், இங்கேயே ஆள் நிறையக் கிடைக்கிற வேலைக்கு விசா தரமாட்டார்கள். வீட்டு வேலை, நோயாளி கவனிப்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சுற்றுலா விசாவில் கூட்டி வந்து வேலை வாங்குவது தப்பு. மாட்டினால் முதலில் அவதிப்படப்போவது அந்தப் பெண்தான்.

நேபாளம், பூட்டான் மட்டும் வேறு. 1950இல் போட்ட இந்திய-நேபாள ஒப்பந்தத்தால் நேபாளிகளுக்கு விசாவே தேவையில்லை, இங்கே தங்கி வேலை பார்க்கலாம். 2025 செப்டம்பரில் புதுக் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் விலக்கை அப்படியே வைத்திருக்கிறார்கள். நேபாளிகளிடம் 'நாகரிக்தா' என்ற குடியுரிமைச் சான்று இருக்கும், அதைப் பாருங்க. டார்ஜிலிங் பக்கத்து ஆட்களும் நேபாளிதான் பேசுவார்கள், ஆனால் அவர்கள் இந்தியர்கள், ஆதார் இருக்கும். நேபாள நாட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டு யாராவது பளபளவென்று புது ஆதாரை நீட்டினால் கொஞ்சம் நிதானியுங்க. போலி ஆதாரோடு வங்கதேசத்து ஆட்கள் பிடிபட்ட சேதி எங்கள் ஊரில் எத்தனையோ தடவை வந்தாயிற்று. தங்க இடம் கொடுத்தவரையும்தான் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

ஈரோட்டு_மருமகள் எழுதியது:

நான் சிங்கப்பூரில் பதினோரு வருசமாக இருக்கிறேன், எங்கள் வீட்டிலும் பணிப்பெண் உண்டு. இங்கத்துச் சட்டமும் உங்கள் தம்பிக்கு இடம் கொடுக்காதுங்க அண்ணா. வேலை அனுமதியில் எந்த முகவரி இருக்கிறதோ அந்த வீட்டில்தான் அவள் வேலை செய்யலாம். பக்கத்து பிளாக்கில் இருக்கும் மாமியார் வீட்டைக் கூட்டித் துடைக்க அனுப்பினாலே குற்றம், கவுந்தப்பாடி எங்கே! குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது அவள் சம்மதித்தால் கூட்டிப் போகலாம். ஆளை மட்டும் அனுப்பி வைப்பது வேறு கதை.

இங்கே ஆள் வைப்பதும் லேசில்லை. அரசாங்கத்துக்கு மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. குடிமக்கள் வீட்டில் சின்னக் குழந்தையோ 67 வயது தாண்டியவரோ இருந்தால் 60 வெள்ளி. 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம், மருத்துவக் காப்பீடு, ஆறு மாதத்துக்கு ஒரு மருத்துவச் சோதனை எல்லாம் முதலாளி பொறுப்பு. வாரம் ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் வேலை வாங்கிக்கொண்டு காசாகக் கொடுத்துவிடலாம் என்று முன்பு இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். முதல் தடவை ஆள் எடுக்கும்போது நமக்கே வகுப்பு வைக்கிறார்கள், தெரியுங்களா? நானும் போய் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டு போனேன், "நீங்கள் முதலாளி" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனைமலை_அம்மிணி எழுதியது:

அண்ணா, நான் ஆனைமலைக்காரி. எங்கள் மாமனாரை மூன்றரை வருசம் ஒரு நேபாளப் பெண்தான் பார்த்துக்கொண்டாள். போன தை மாதம் மாமனார் தவறிவிட்டார். அதனால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

நாங்கள் ஏஜென்சிக்குப் போகவில்லை. பொள்ளாச்சியில் என் அம்மா வீட்டுத் தெருவில் ராத்திரி விசில் ஊதிக்கொண்டு வரும் கூர்க்காவிடம் கேட்டோம். அவர் சம்சாரத்தின் தங்கை, பால்பா மாவட்டம், புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகளை ஊரில் அம்மாவிடம் விட்டிருந்தாள். கோரக்பூரிலிருந்து வரும் ராப்திசாகர் ரயில் ஈரோடு, கோவை வழியாகத்தான் போகிறது. வந்து இறங்கியபோது கையில் ஒரு பை, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் நாகரிக்தா. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலை அவளிடமே கொடுத்துவிட்டோம். "அசலை வாங்கிப் பீரோவில் வையுங்க, ஓடிப்போக மாட்டா" என்று எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். கேட்காதீங்க.

பாஷை ஒரு வாரம்தான் கஷ்டம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அவள் எழுத்தில் நம் வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டாள். முதலில் எழுதியது 'வலிக்குதா', அடுத்தது 'தண்ணி', மூன்றாவது 'போதுமுங்க'. மாமனார் அவளை அம்மிணி என்பார், நாங்கள் தீதி என்போம்.

சாப்பாட்டுக்குத்தான் பயந்தேன், அதில் சிக்கலே வரவில்லை. கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்த அன்றைக்கு முகம் மலர்ந்து "கஹத்!" என்றாள். அவர்கள் ஊரிலும் கொள்ளைப் பருப்பாக வைப்பார்களாம். ராகிக் களி அவர்களுக்கு 'திண்டோ'. நம் ஆட்கள் பாதிப் பேர் களியை மறந்தாயிற்று, அவள் வாரம் இரண்டு நாள் கிண்டினாள்.

இனி எங்கள் தப்பைச் சொல்கிறேன். வந்த முதல் நான்கு மாதம் சும்மா இருக்கிற நேரத்தில் என்று பாத்திரம் கழுவவும், கட்டுத்தரையில் சாணி வழிக்கவும் அவளை விட்டோம். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாமனாரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் அவள்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அப்படியே ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் வெடியால அவள் கட்டுத்தரையில் இருக்கும்போது மாமனார் தானாக எழப் பார்த்துக் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். நெற்றியில் நாலு தையல். வீடே அவள் மேல் பாய்ந்தது, நானும்தான். அவள் ஒன்றும் பேசவில்லை. காலண்டர் தாளை எடுத்து வந்து என் கணவரிடம் நீட்டினாள். மாமனார் எத்தனை தடவை மூத்திரம் போனார் என்று குறித்து வைக்கச் சொல்லியிருந்தோம். ஒன்பதே முக்கால், பன்னிரண்டு, ஒன்றரை, மூன்று பத்து, நாலே முக்கால். ஒவ்வொன்றுக்கும் எழுந்திருக்கிறாள். அந்தத் தாளை என் கணவர் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அன்றைக்கே மாற்றினோம். கட்டுத்தரைக்கு வேறு ஆள். ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை என் கணவர், அதற்கு மேல் அவள். மதியம் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள், யாரும் தட்டக் கூடாது. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். வெள்ளைத் தாளில் தமிழிலும் இந்தியிலும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்: என்னென்ன வேலை, என்னென்ன இல்லை, எந்தத் தேதி சம்பளம், வைத்தியச் செலவு எங்களுடையது.

அப்புறம்தான் அவள் வேலை என்னவென்று எனக்கே தெரிந்தது. ஒரு நாள் மாமனாரின் குதிகாலைக் காட்டினாள். சின்னதாகச் சிவந்திருந்தது, நான் கொசுக்கடி என்றேன். விரலால் அமுக்கி எடுத்தாள். அமுக்கின இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். அது வெளுக்கவில்லை. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி நிறுத்தினாள். பத்து நாளில் சிவப்பு போய்விட்டது. காற்று மெத்தை வாங்கியாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

சம்பளம் 18,000இல் ஆரம்பித்துக் கடைசியில் 22,000. ரயில் செலவு தனி. ஊருக்குப் பணம் அனுப்ப 2008இலிருந்தே ரிசர்வ் வங்கியின் இந்திய-நேபாளப் பணம் அனுப்பும் திட்டம் இருக்கிறது, நம் வங்கியிலிருந்தே அனுப்பலாம். நாங்கள் போன கிளையில் அப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள், மூன்று தடவை நடந்தேன். நூறு ரூபாய் அங்கே 160 நேபாள ரூபாய், இது மாறாது. அதனால் கணக்குச் சொல்ல லேசு.

தசைன் நோம்பிக்கு ஒரு மாதம் ஊருக்குப் போயே தீருவார்கள். நம் ஆயுத பூசை சமயத்தில் வரும், தீபாவளி ஒட்டி வரும் திகாரையும் முடித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். அந்த மாதத்துக்கு ஆளை ஆடியிலேயே பேசி வையுங்க. முதல் வருசம் நாங்கள் பேசவில்லை, நாறிப்போனோம்.

இன்னொன்று. வந்த ஒறம்பரையில் ஒரு பெரியவர் அவளிடம் வாய்க்கு வந்தபடி பேசினார். என் கணவர் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்ணுக்கும் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும், மாவட்டக் குழுவில் புகார் கொடுக்கலாம் என்று அவளிடம் நாங்களே சொல்லி வைத்தோம்.

கவுந்தப்பாடிக்காரன் எழுதியது:

அக்கா, இரண்டு தடவை படித்தேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அந்த ராத்திரிக் கணக்கைக் கேட்டுவிட்டு "நாமளும் சாணி வழிக்க விட்டிருப்போம்" என்றாள். ஒரு சந்தேகம். மாத்திரை, கைகால் பயிற்சி எல்லாம் அவரே பார்த்துக்கொண்டாரா? தனியாக நர்ஸ் வைத்தீர்களா?

ஆனைமலை_அம்மிணி எழுதியது:

மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், ஊசி போட விடவில்லை. அவள் நர்ஸ் இல்லையே. பயிற்சிக்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்க. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த திட்டம். இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், காசில்லை. அவர் செய்வதைப் பார்த்துத் தீதி மற்ற நாளில் செய்வாள். பக்கவாதத்துக்கு முதல் ஆறு மாதம் முக்கியம், உங்களுக்குச் சித்திரையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் வரட்டும் என்று காத்திருக்காமல் நாளைக்கே போங்க.

பனியன்_பேப்பர் எழுதியது:

நேபாளம்தான் வேண்டும் என்று இல்லைங்க. ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் நம் பக்கம் நிறைய வந்திருக்கிறார்கள். ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கையிலேயே இருக்கும், பணம் அனுப்ப மூன்று தடவை நடக்க வேண்டியதில்லை.

கவுந்தப்பாடிக்காரன் எழுதியது:

கேட்டுப் பார்க்கிறேன். இன்று காலையில் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை வருகிறார்களாம். தம்பிக்கும் விசயத்தைச் சொல்லிவிட்டேன், ஆளுக்குப் பதில் பணமாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் மூட்டை போட்டிருந்த அறையைக் காலி பண்ணி உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க ஆசாரியை வரச் சொல்லியாயிற்று.

அம்மாவிடம் நேபாளம் என்றேன். "அது எங்க கண்ணு இருக்குது" என்றார். இமயமலைப் பக்கம், அவங்களும் களி திங்கற ஆளுங்கதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கட்டியில்லாமக் கிண்டுவாளான்னு கேளு" என்றார்.