நூலகத்தில் பழைய அறிவியல் புனைவுப் படங்கள்: எதில் தொடங்கலாம்?

அலமாரி ஓரம்:
நான் வேலை செய்யும் பொது நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை பழைய அறிவியல் புனைவுப் படம் திரையிட ஒப்புதல் கிடைத்திருக்கிறது. கூடம் இரண்டு மணி நேரத்துக்குத்தான். அதற்கு மேல் போனால் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எனக்கு '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் தொடங்க ஆசை. தலைமை நூலகரோ, "அட்டை ராக்கெட்டைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கப் போகிறார்கள்" என்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

ரீல்பெட்டி:
திரைப்படச் சங்கத்தில் ப்ரொஜெக்டரைக் கட்டி மேய்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒடிசி இப்போது வேண்டாம். 142 நிமிடம், உங்கள் காவலாளி விடமாட்டார். முதல் இருபத்தைந்து நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பழகிய கூட்டத்துக்கு அது விருந்து, புதுக் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும். 'மெட்ரோபொலிஸ்' (1927) முழு வடிவமும் இரண்டரை மணி நேரம். வெட்டுப்பட்டுத் தொலைந்த காட்சிகள் 2008-இல் பியூனஸ் அய்ரஸில் கிடைத்த பிறகு வளர்ந்த நீளம் அது. அதைக் குறைத்துப் போடாதீர்கள், பாவம்.

முதல் மாலைக்கு என் தேர்வு 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951). 92 நிமிடம். அதற்கு முன்னால் பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் 1902 மௌனப் படம் 'நிலவுப் பயணம்', ஏறத்தாழக் கால் மணி நேரம்தான். நிலவின் கண்ணில் ராக்கெட் குத்தும்போது பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டுமே, மெலியே அதற்குத்தான் எடுத்தார். சிரித்து முடித்த கூட்டம் அடுத்த படத்தில் தானே அடங்கும். "பழைய படம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் மைக்கில் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பதில் தெரமினைப் பற்றி ஒரு நிமிடம் பேசுங்கள். கையால் தொடாமலே வாசிக்கும் கருவி, ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கை நகர நகர சுருதி மாறும். பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்தின் இசையில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். ரோபோ வரும்போது எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

அப்புறம், தரை சமதளமா? அப்படியானால் ஸ்கிரீனை முடிந்தவரை மேலே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் சப்டைட்டில் முழுவதும் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். படம் ஏறத்தாழச் சதுரமாகத்தான் வரும். யாராவது ரிமோட்டை எடுத்து அகலமாக இழுத்தால் கையைப் பிடியுங்கள்.

சட்டப்புழு:
டிவிடி சொந்தமாக இருப்பது வேறு, பொதுவில் திரையிடும் உரிமை வேறு. நுழைவு இலவசம் என்பதாலேயே அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. மெட்ரோபொலிஸ் அமெரிக்காவில் 2023-இல் பதிப்புரிமை முடிந்து பொதுவுடைமை ஆகிவிட்டது. ஆனால் இயக்குநர் லாங் இறந்தது 1976-இல். இறப்புக்குப் பின் 70 ஆண்டு என்று கணக்கு வைக்கும் நாடுகளில் கதை வேறு. மெலியே 1938-இலேயே போய்விட்டார், அங்கே பெரிய சிக்கல் இல்லை. இருந்தாலும் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அலமாரி ஓரம்:
நன்றி சார், இருவருக்கும். 1951 படத்துக்கு உரிமம் கேட்டு எழுதுகிறேன். இரண்டாம் மாதத்துக்கு 'லா ஜெத்தே' எப்படி? 28 நிமிடம்தான், கிட்டத்தட்ட முழுதும் நிழற்படங்கள்.

ரீல்பெட்டி:
தாராளமாக. மீதி நேரத்துக்கு 1933-இன் 'தி இன்விசிபிள் மேன்' போடுங்கள், 71 நிமிடம். வாசலில் ஒரு மேசை போட்டு, அந்தப் படத்துக்கு மூலமான எச்.ஜி. வெல்ஸின் நாவலை எத்தனை பிரதி இருக்கிறதோ அத்தனையும் வையுங்கள். இரவல் பதிவேட்டையும் அங்கேயே கொண்டுவந்துவிடுங்கள், படம் விட்டு வருகிறவர்கள் கவுன்ட்டர் வரை நடக்கமாட்டார்கள்.