பதினொன்றில் கணக்கை விட்டால் தில்லிப் பல்கலையில் பொருளாதாரம் கிடைக்குமா?

மயூர் விஹார் அம்மா:

வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணக்கில் ஸ்டாண்டர்டு (பேசிக், ஸ்டாண்டர்டு என்ற இரண்டில் கடினமானது) எழுதி 71; மற்ற பாடங்கள் எல்லாம் 90க்கு மேல். பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு, "கணக்கை விட்டுவிடுங்கள். பொருளாதாரம், அரசியல், உளவியல், ஆங்கிலத்தோடு உடற்கல்வி எடுக்கட்டும். பன்னிரண்டில் 95 சதவீதம் நிச்சயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாடத்தேர்வுப் படிவம் சாப்பாட்டு மேசை மேல் கிடக்கிறது. நான்கு கட்டங்களை நிரப்பியாகிவிட்டது, ஐந்தாவதில்தான் சண்டை. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

அவளுக்கு ஆசை தில்லிப் பல்கலையில் பொருளாதார ஆனர்ஸ். என் நாத்தனார் திருச்சியில் பன்னிரண்டில் கணக்கே இல்லாமல் பி.ஏ. பொருளாதாரம் படித்தவர், இன்று வங்கியில் மேலாளர். "அதற்கு எதற்கடி கணக்கு?" என்று போனில் கேட்கிறார். என் கணவர் சதவீதக் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உளவியலா, கணக்கா?

கரோல்பாக் கணக்கு வாத்தியார்:

சகோதரி, விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு இல்லாமல் அங்கே பொருளாதார ஆனர்ஸ் கிடைக்காது. 99 சதவீதம் வாங்கினாலும் கிடைக்காது.

உங்கள் நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அப்படித்தான் சேர்க்கிறார்கள். இங்கே கதை வேறு. 2022 முதல் தில்லிப் பல்கலையில் இளநிலைச் சேர்க்கை க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வின் வழியாக நடக்கிறது. பொருளாதார ஆனர்ஸுக்கு ஒரு மொழித்தாள், கணிதம், அதோடு அவர்கள் பட்டியலிலிருந்து இன்னும் இரண்டு பாடங்கள். தாளுக்கு 250 வீதம் மொத்தம் ஆயிரம். மற்ற இரண்டை மாற்றிக்கொள்ளலாம், கணிதத்தை மாற்ற முடியாது.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள்: சதவீதம் ஆண்ட காலம் போய்விட்டது. 2021இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரத்துக்குக் கட்-ஆஃப் 100 சதவீதம். அப்போது மதிப்பெண்ணுக்காக அலைந்ததில் அர்த்தம் இருந்தது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற வேண்டும். க்யூட்டில் இருவர் சமமாக நின்றால் யார் முன்னால் என்று பார்க்க அந்த மதிப்பெண் உதவும். அவ்வளவுதான். அப்படியிருந்தும் பள்ளிகள் ஏன் 95ஐக் காட்டி ஆசை மூட்டுகின்றன? வாசலில் பேனர் கட்ட வேண்டுமே. அந்தப் பேனருக்காக உங்கள் பெண் ஏன் கணக்கை விட வேண்டும்?

இன்னொரு பொறி இருக்கிறது. பன்னிரண்டில் படிக்காத பாடத்தையும் க்யூட்டில் எழுதலாம் என்று தேர்வு நடத்துபவர்கள் 2025இல் அறிவித்தார்கள். "இப்போது விட்டுவிட்டு அப்போது கோச்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதவிடுவது ஒருவர், சீட்டுக் கொடுப்பது வேறொருவர். பன்னிரண்டில் படித்த பாடங்களில் எழுதியதைத்தான் தில்லிப் பல்கலை கணக்கில் எடுக்கிறது.

71 என்பது ஸ்டாண்டர்டில் மோசமான மதிப்பெண்ணே அல்ல. பள்ளியில் எழுதிய முன்தேர்வுத் தாளை எடுத்துப் பாருங்கள். முக்கோணவியல் நிரூபணங்களில் போனதா, வழி சரியாக இருந்து கூட்டல் கழித்தலில் போனதா, கடைசிப் பக்கம் எழுதவே நேரமில்லையா? இரண்டாவதும் மூன்றாவதும் பயிற்சியில் சரியாகும். முதலாவது என்றால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அதுவும் ஒரு கோடை விடுமுறைக்குள் தேறக்கூடியதே.

வடக்கு வளாகத்து மாணவி:

சார் சொல்வது சரி. நான் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. முதல் பருவத்திலேயே கணித முறைகளுக்கு ஒரு தாள், புள்ளியியலுக்கு ஒரு தாள். பள்ளியில் இறுதிநிலைச் செலவு என்று அட்டவணை போட்டுப் படித்தோமே, இங்கே மொத்தச் செலவுச் சார்பைக் கொடுத்து வகைக்கெழு எடுக்கச் சொல்கிறார்கள். பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு வரி எழுதிவிட்டு மூன்றாவது வரியில் விடைக்குப் போய்விடுவார்.

ஆனால் அக்கா, அப்ளைடு கணிதம் என்று இன்னொரு வழி இருக்கிறது. நான் அதைத்தான் படித்தேன். பல்கலை அதையும் ஏற்கிறது. க்யூட்டில் இரண்டு கணிதத்துக்கும் வினாத்தாள் ஒன்றே: முதல் பகுதி பொது, அடுத்ததில் நாம் படித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். முப்பரிமாண வடிவியலுக்குப் பதிலாக வீட்டுக் கடன் மாதத் தவணை, காலத்தொடர் என்று வரும். வகைநுண்கணிதம் அதிலும் உண்டு, தப்பிக்க முடியாது.

தேர்வில் சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழியும். 50 கேள்வி, 60 நிமிடம். தெரியாததைத் துணிந்து விடும் பழக்கத்தை இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

துவாரகா அப்பா:

எல்லோரும் கணக்கு கணக்கு என்கிறீர்கள். அந்தப் பெண்ணை யாராவது கேட்டீர்களா? பொருளாதாரம்தான் வேண்டுமா, கல்லூரியின் பெயர் வேண்டுமா? என் மகன் கணக்கைத் தொடவில்லை. இன்று அதே பல்கலையில் அரசியல் அறிவியல் ஆனர்ஸ் படிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான். வரலாறு, உளவியல், சமூகவியல் எதற்கும் கணிதத்தாள் கேட்பதில்லை. பிடிக்காத பாடத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் அழுவதற்கு அது மேல்.

கரோல்பாக் கணக்கு வாத்தியார்:

துவாரகாக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. உளவியல்தான் ஆசை என்றால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெண் பொருளாதாரம் என்கிறது. கணக்கை வைத்துக்கொண்டவள் நாளைக்கு அரசியலுக்கும் வரலாற்றுக்கும் போகலாம். கணக்கை விட்டவள் திரும்பி வர முடியாது. பி.காம். ஆனர்ஸுக்காவது கணிதத்துக்குப் பதில் கணக்கியல் என்று இன்னொரு கதவு இருக்கிறது. பொருளாதாரத்துக்கு அதுவும் இல்லை. மேலாண்மைப் படிப்பான பி.எம்.எஸ்.ஸுக்கும் கணிதத்தாள் உண்டு.

மயூர் விஹார் அம்மா:

அனைவருக்கும் நன்றி. முன்தேர்வுத் தாளைத் தேடி எடுத்தோம். கடைசி இரண்டு கணக்குகளைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லை என்கிறாள். உடற்கல்வியை நீக்கிவிட்டுக் கணக்கைப் போடலாம் என்று முடிவு; உளவியலும் இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். கணவர் இன்னும் முணுமுணுக்கிறார். ஒரு சந்தேகம்: க்யூட் மொழித்தாள்களில் தமிழும் இருக்கிறதாமே? அவளை ஆறாவது பாடமாகத் தமிழ் எடுக்கச் சொல்லலாமா?

கரோல்பாக் கணக்கு வாத்தியார்:

இருக்கிறது. 13 மொழிகளில் தமிழும் ஒன்று. பன்னிரண்டில் தமிழ் படித்தவர்கள் அதை எழுதலாம். தமிழ் எடுப்பதை நான் தடுக்க மாட்டேன், சந்தோஷம்தான். ஆனால் க்யூட்டுக்கு ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் தமிழில் நன்றாக வாயாடுவார்கள். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார்கள். மணி பார்த்து எழுதும் தேர்வில் அது ஆகாது. உங்கள் பெண் சரளமாக வாசிப்பாள் என்றால் என் பேச்சைத் தள்ளுங்கள்.

படிவத்தில் "கணக்கு" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். சி.பி.எஸ்.இ. பாட எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: பொதுக் கணிதம் 041, அப்ளைடு 241. பத்தாம் வகுப்பு பேசிக் கணிதத்துக்கும் 241தான் எண் என்பதால் அலுவலகத்தில் குழம்புகிறார்கள். அந்தப் பள்ளியில் அப்ளைடு நடத்துகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாப் பள்ளியிலும் கிடையாது. பொறியியல், இயற்பியல் பக்கம் மனம் மாறச் சிறிதேனும் வாய்ப்பிருந்தால் 041தான்.