ஒரு பயிற்சியாளரின் வேலை போன நாளும் அப்பாக்களின் தொலைபேசி அழைப்புகளும்

லபக் நகரில் படித்தவர்:

2008 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக, டெக்சஸ் மாநிலத்தின் லபக் நகரில் உள்ள டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, ஃபுட்பால் என்றால் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே அது பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். லபக் நகரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பருத்திக் காடுதான். காற்றடித்தால் வானமே செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். முதல் ஆட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்ற அறைத்தோழர் சட்டைக்குள் நான்கு டார்ட்டியா ரொட்டிகளை ஒளித்து எடுத்து வந்தார். ஆட்டத்தைத் தொடங்கும் உதையின்போது அவற்றை மைதானத்துக்குள் வீசுவது அந்த ஊர் வழக்கமாம். சப்பாத்தியைப் போன்ற ஒன்றை ஆயிரக்கணக்கானோர் தட்டு எறிவதுபோல் எறிவதைப் பார்த்தபோது, என் அம்மா உடனிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த டெக்சஸ் பல்கலைக்கழக அணியை எங்கள் அணி 39–33 என்ற கணக்கில் வென்றது. ஒரே ஒரு விநாடி மீதமிருக்க, கிரஹாம் ஹாரல் எறிந்த பந்தைக் கோட்டோரம் பிடித்த மைக்கேல் கிராப்ட்ரீ, தடுக்க வந்தவரின் பிடியிலிருந்து நழுவி ஓடி வெற்றிப் புள்ளிகளை எடுத்தார். எனக்கு மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது. அந்த அணியை உருவாக்கிய மைக் லீச், கல்லூரி அளவில்கூட ஃபுட்பால் ஆடாதவர். சட்டம் படித்துவிட்டுப் பயிற்சியாளரானவர். செய்தியாளர் சந்திப்புகளில் கடற்கொள்ளையர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். பத்து ஆண்டுகளில் 84 வெற்றி, 43 தோல்வி. நன்றாக ஆடிய அணிகளுக்கு மட்டும் இடம் கிடைக்கும் ஆண்டிறுதி பவுல் ஆட்டத்துக்குப் பத்து ஆண்டுகளிலும் அணியைத் தகுதி பெறச் செய்தவர். அப்படிப்பட்டவரை 2009 டிசம்பர் 30 அன்று வேலையை விட்டு நீக்கினார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் மாத நடுவில் ஒரு மாணவ ஆட்டக்காரருக்குப் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு, கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, என்று மருத்துவர் சொன்னார். அந்த மாணவரின் தந்தை கிரெய்க் ஜேம்ஸ், ஒரு காலத்தில் பெயர்பெற்ற ஆட்டக்காரர், அப்போது இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் வர்ணனையாளர். மறுநாள் சாதாரண உடையிலும் கறுப்புக் கண்ணாடியிலும் வந்த மாணவரை, பயிற்சி முடியும் வரை தளவாடக் கொட்டகையில் நிறுத்தி வைக்கும்படி லீச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, ஸ்டேடியத்தில் செய்தியாளர் அறைப் பக்கம் இருட்டில் இருக்க வைக்கப்பட்டார். அங்கிருந்த மின்சாதன அறைக்குள் அவரை அடைத்தார்களா, அல்லது அவரே உள்ளே போய் அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டாரா என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவே இல்லை. குடும்பத்தார் பல்கலைக்கழகத்திடம் புகார் செய்தனர். தன் மகனுக்குக் களத்தில் கூடுதல் வாய்ப்புத் தரச் சொல்லி அந்தத் தந்தை பயிற்சியாளர்களுக்கு ஓயாமல் தொல்லை கொடுத்ததாக லீச் தரப்பு சொன்னது. மகனின் பாதுகாப்பைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டதாக ஜேம்ஸ் குடும்பம் சொன்னது. டிசம்பர் 28 அன்று தற்காலிக நீக்கம். அதற்குத் தடை வாங்க லீச் நீதிமன்றம் போன நாளில், விசாரணை தொடங்குமுன் அவருடைய வழக்கறிஞர் கையில் பல்கலைக்கழகம் பணிநீக்கக் கடிதத்தைக் கொடுத்துவிட்டது. புகாரைத் தீர்ப்பதற்கு அவர் ஒத்துழைக்க மறுத்தது அடங்காமை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

தேதியை மறுபடி கவனியுங்கள். டிசம்பர் 31 வரை அவர் பதவியில் இருந்திருந்தால் 8 லட்சம் டாலர் ஊக்கத்தொகை அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில்தான், பல மாத இழுபறிக்குப் பிறகு, 1.27 கோடி டாலர் மதிப்புள்ள ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அவரும் பல்கலைக்கழகமும் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த இழுபறியில் இரு பக்கமும் ஏற்பட்ட கசப்பு ஊரறிந்தது.

விடுமுறைக்கு அமெரிக்க மாணவர்கள் எல்லாரும் வீடு போயிருக்க, விமானக் கட்டணத்துக்கு வழியில்லாத எங்களைப் போன்றவர்கள் மட்டும் ஊரில் இருந்தோம். அன்று மாலை பால் வாங்கப் போன கடையில், கல்லாவில் இருந்த வயதான அம்மாள் பொருள்களைப் பையில் போடாமலேயே, "எல்லாம் அந்த அப்பனால் வந்தது" என்று யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஜனவரியில் ஆய்வகம் திறந்ததும் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்த அப்பா எப்படிப்பட்டவராக இருந்தாலும், தலையில் அடிபட்ட பையனைக் கொட்டகையில் நிறுத்தச் சொன்னது அப்பா அல்லவே" என்றார். அவருக்கும் கல்லூரியில் படிக்கும் மகள் இருந்தாள். எனக்கு அன்று அது பிடிக்கவில்லை. இப்போது என் மகள் பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறாள். பேராசிரியர் சொன்னதும் கல்லாக்காரம்மாள் சொன்னதும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. பயிற்சியாளர்களோடும் பெற்றோர்களோடும் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

டாலஸ் அருகே வசிக்கும் ஒரு தாய்:

அண்ணா எழுதியதைப் படித்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தலையிடும் பெற்றோர் என்று நீங்கள் சொல்லும் கூட்டத்தில் எங்கள் வீடும் உண்டு.

எங்கள் மகன் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணியில் கோல்கீப்பர். பருவம் தொடங்குமுன் பள்ளி உணவுக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும். பயிற்சியாளர் மூன்று விஷயங்களைத் தன்னிடம் பேசக் கூடாது என்று சொல்வார்: யாருக்கு எவ்வளவு நேரம், எந்த உத்தி, அடுத்த வீட்டுப் பிள்ளை. ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் வரை எந்தப் பெற்றோரும் தன்னை அணுகக் கூடாது என்றும் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவோம். என் கணவர் மென்பொருள் துறையில் இருப்பவர். அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஓர் எக்செல் கோப்பைத் திறந்தார். ஒவ்வோர் ஆட்டத்திலும் எங்கள் மகன் நின்ற நிமிடங்கள், மற்ற கீப்பர் நின்ற நிமிடங்கள், இருவரும் விட்ட கோல்கள், அவற்றின் சராசரி, மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு. ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் அதைப் பயிற்சியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். விதியை மீறக் கூடாது என்பதற்காக இருபத்தைந்தாவது மணி நேரத்தில் அனுப்பினார். "பார்த்தேன், நன்றி" என்று மட்டும் பதில் வந்தது. அடுத்து இரண்டு முறை தொலைபேசியிலும் பேசினார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கார் நிறுத்துமிடத்தில் மற்ற அம்மாக்களிடம் அந்தச் சராசரியைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

பதின்மூன்றாவது ஆட்டத்தில் மகன் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது எதிரணிப் பையனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது. எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டினான், ஆடி முடித்தான். இரண்டு நாள் கழித்து, காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சமையலறை விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். இரண்டு நாளாகத் தலைவலி இருந்திருக்கிறது. வகுப்பில் கரும்பலகையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் அப்பா கோச்சுக்கு மெயில் அனுப்புவார்" என்றான்.

அன்றே மருத்துவரிடம் போனோம். பள்ளிக்கு நான் தொலைபேசியில் பேசியபோது பயிற்சியாளரின் குரலில் ஓர் அலுப்பு தெரிந்தது. இன்னொரு சராசரியைச் சொல்லப்போகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தலைக்காயம் என்ற சொல் வந்த பிறகுதான் அந்தக் குரல் மாறியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். களத்தில் நிற்கும் நிமிடங்களுக்காக மூன்று முறை அழைத்த வீட்டிலிருந்து நான்காவது அழைப்பு வந்தால் எவருக்கும் அலுப்புத்தான் வரும். லீச்சின் காதிலும் அந்தத் தந்தையின் குரல் அப்படித்தான் விழுந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காயம் அந்த நான்காவது அழைப்பில் இருந்தது.

விளையாட்டுக் காயப் பிரிவில் மாணவ உதவியாளராக இருந்தவர்:

வேறொரு மாநிலத்தில், வேறொரு பல்கலைக்கழகத்தில் அணியின் காயப் பராமரிப்புப் பிரிவில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். பனிக்கட்டிப் பைகளைக் கட்டுவதும் கணுக்காலுக்குத் துணிநாடா சுற்றுவதும்தான் பெரும்பாலான நேரம் என் பணி. தலையில் அடிபட்டவர் என்று ஐயம் வந்தால் நாங்கள் முதலில் செய்வது, அவருடைய ஹெல்மெட்டை வாங்கி ஒளித்து வைப்பது. ஹெல்மெட் கையில் இருந்தால், பயிற்சியாளரின் கண் பட்டதும் ஓடிப்போய்க் களத்தில் நின்றுவிடுவார்கள். பிறகு ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்லக் கேட்போம். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லித் தடுமாற்றங்களை எண்ணுவோம்.

லபக் விவகாரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கன்கஷன் ஏற்பட்டவரை இருட்டான, ஓசையில்லாத இடத்தில் வைப்பது அந்தக் காலத்தில் வழக்கமான அறிவுரைதான். நீண்ட நாள் இருட்டறை ஓய்வு தேவையில்லை என்ற கருத்து பின்னாளில் வலுப்பெற்றது. அந்த மாணவருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை என்று அணி மருத்துவர் சொன்னதையும் லீச் தரப்பு ஆதாரமாகக் காட்டியது. ஆனால் ஓய்வுக்காக இருட்டில் படுக்க வைப்பது வேறு, பயிற்சி முடியும் மட்டும் கொட்டகையில் நின்றுகொண்டிரு என்பது வேறு. முதலாவதை மருத்துவர் சொல்ல வேண்டும். இரண்டாவதை எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். காலமும் ஒரு காரணம். பள்ளி மாணவர்களின் தலைக்காயத்துக்கான முதல் சட்டம் 2009 மே மாதம்தான் வாஷிங்டன் மாநிலத்தில் வந்தது. டெக்சஸில் 2011இல் வந்தது. கல்லூரிகள் ஒவ்வொன்றும் எழுத்துமூலமான திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. சொன்னது 2010இல். லீச் பழைய உலகின் கடைசி மாதங்களில் நின்றுகொண்டு, புதிய உலகின் விதிப்படி விசாரிக்கப்பட்டார் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் பயிற்சியாளரும் அதே ரகம்தான், அடிபட்டவனைப் பார்த்து, "இன்று உனக்கு விடுமுறையா?" என்று கேட்பார். அவர் மீது யாரும் புகார் கொடுக்கவில்லை, ஏனென்றால் எங்கள் அணியில் எந்த அப்பாவும் தொலைக்காட்சியில் இல்லை.

புல்மனில் படித்தவர்:

லீச் பிறகு புல்மன் நகரில் உள்ள வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த காலத்தில் நான் அங்கே இருந்தேன். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு மூன்றரை மைல் நடந்தே போவார். பனியில், முதுகுப்பையோடு, அலைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே அவர் சரிவேறுவதை எங்கள் பேருந்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கும் முதல் ஆண்டிலேயே, 2012இல், அணியை விட்டு விலகிய ஒரு முன்னணி ஆட்டக்காரர், பயிற்சியாளர்கள் தன்னைக் கொடுமைப்படுத்தியதாகக் கடிதம் எழுதினார். பிறகு அவரே அதைத் திரும்பப் பெற்றார். விசாரணையிலும் ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும், லபக் கதை தெரிந்த எங்களில் பாதிப் பேர் கடிதம் வந்த அன்றே நம்பிவிட்டோம், மீதிப் பேர் அன்றே நம்ப மறுத்துவிட்டோம். கடிதத்தைப் படித்தவர்கள் குறைவு.

லபக் நகரில் படித்தவர்:

சகோதரியின் பதிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மகளின் பயிற்சியாளருக்கு அனுப்ப நான் பாதி எழுதி வைத்திருந்த மின்னஞ்சலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த 8 லட்சம் டாலர் லீச்சுக்குக் கிடைத்ததா என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். கிடைக்கவில்லை. டெக்சஸ் டெக் அரசுப் பல்கலைக்கழகம். ஒப்பந்தத்தை மீறியதற்காக அரசு நிறுவனத்திடம், அதன் இசைவு இல்லாமல், பணம் கேட்டு வழக்காட முடியாது என்பது அந்த மாநிலத்தின் இறையாண்மைப் பாதுகாப்பு விதி. 2011 ஜனவரியில் அமரில்லோவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பணம் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதே 2012இல் கிரெய்க் ஜேம்ஸ் டெக்சஸிலிருந்து செனட் சபைக்குப் போட்டியிட விரும்பி, கட்சி வேட்பாளர் தேர்தலிலேயே நான்கு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளோடு தோற்றார். லபக்கில் அன்று இனிப்பு வழங்காத குறைதான். லீச் விடவில்லை. 2017இல்கூட ஒரு புலனாய்வாளரை அமர்த்திப் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2022 டிசம்பர் 12 அன்று, மிசிசிப்பி ஸ்டேட் அணியின் பயிற்சியாளராக இருந்தபோது, தம் 61ஆம் வயதில் இறந்தார். 2009ஆம் ஆண்டுக் கணக்கு அன்றும் தீர்ந்திருக்கவில்லை.