ஃபைனல் எக்ஸிட்டுக்கு நாள் எண்ணுறதை எங்கிருந்து ஆரம்பிக்கணும்? தம்மாம் டு குடியாத்தம்

கவுண்டன்ய ஆறு:

எல்லாருக்கும் வணக்கம். சவுதில தம்மாம்ல ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனில வேலை. கான்ட்ராக்ட் அக்டோபர் 31ல முடியுது, அன்னிக்கு சர்வீஸ் 7 வருஷம் முழுசா ஆயிடும். இனிமே திரும்பி வர்றதா இல்ல, அதனால ஃபைனல் எக்ஸிட், அதாவது சவுதியை விட்டு நிரந்தரமா கிளம்புற விசா. நவம்பர் 8 தீபாவளி, அதுக்குள்ள குடியாத்தத்துல இருக்கணும்.

ரூம்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இப்பவே ராஜினாமா குடுத்தா செப்டம்பர்லயே கிளம்பிடலாம்னு ஒருத்தர். லீவு விசால போய் அப்படியே நின்னுடு, கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்னு இன்னொருத்தர். பேசிக் 1600, சாப்பாடு 200, டிரான்ஸ்போர்ட் 200, மொத்தம் 2000 ரியால். என் பேர்ல ஒரு பழைய கார் இருக்கு, ஒரு கிரெடிட் கார்டு இருக்கு. ஊர்ல என்ஆர்இ அக்கவுன்ட் (வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்களுக்கான பேங்க் கணக்கு), அதுல ஒரு எஃப்டி.

எந்த வேலையை எத்தனை நாள் முன்னாடி முடிக்கணும்? டிக்கெட் இப்பவே போட்டா விலை குறைவு, போடலாமா? இறங்குறதுக்கு சென்னை நல்லதா, பெங்களூரு நல்லதா?

மேல்விஷாரம் பாய்:

தம்பி, டிக்கெட் தேதியை வெச்சு எண்ணாதீங்க. கான்ட்ராக்ட் முடியற தேதியை நடுவுல வெச்சு அதுக்கு முன்னாடி, பின்னாடின்னு எண்ணுங்க. இதுல ஒரு மாச அவசரத்துக்கு எவ்வளவு பணம் போகுதுன்னு கணக்கு போட்டுப் பாருங்க.

வேலை முடியறப்போ கம்பெனி தர்ற சர்வீஸ் பணம், முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாச சம்பளம், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாச சம்பளம். 2000 ரியாலுக்கு 5 x 1000 = 5000, 2 x 2000 = 4000, ஆக 9000. கான்ட்ராக்ட் முடிஞ்சு, புதுப்பிக்காம வெளியே வந்தா இது முழுசா உங்களுக்கு. நடுவுல நீங்களா ராஜினாமா குடுத்தா 2 வருஷத்துக்குக் கீழ ஒண்ணும் கிடையாது, 2லிருந்து 5 வரைக்கும் மூணுல ஒரு பங்கு, 5லிருந்து 10 வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு, 10க்கு மேல முழுசு. அதாவது செப்டம்பர்ல கிளம்புற ஆசைக்கு சுமார் 3000 ரியால் விலை. போதாததுக்கு, 2025 பிப்ரவரில அமலுக்கு வந்த திருத்தத்துல, காரணம் எழுதிக் குடுத்து ராஜினாமாவை 60 நாள் வரைக்கும் தள்ளிப்போட கம்பெனிக்கு உரிமை இருக்கு. ஆகஸ்ட்ல குடுத்தாலும் இழுத்து அக்டோபர்ல விட்டாங்கன்னா சீக்கிரம் கிளம்பறதும் போச்சு, பணமும் போச்சு.

கம்பெனி கை வைக்கிற இடம் மூணு. பேசிக்கை மட்டும் எடுத்து 1600க்கு கணக்கு போட்டா 7200தான் வரும். மாசாமாசம் நிலையா வர்ற அலவன்ஸும் சம்பளத்துல சேரும்னு சட்டத்துலயே இருக்கு, அதனால சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட் ஒரு வருஷத்துக்கு எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்தது, சம்பளமில்லாத லீவு 20 நாளுக்கு மேல எடுத்திருந்தா அந்த உபரி நாளை சர்வீஸ்ல கழிப்பாங்க. ஊருக்கு வந்தப்போ லீவை நீட்டிச்சிருந்தா 7 வருஷம் ஆகலைன்னு சொல்லுவாங்க. பாஸ்போர்ட் முத்திரைத் தேதியை வெச்சு இப்பவே சரிபார்த்துடுங்க. கடைசியா லீவு சம்பளம். 5 வருஷம் தாண்டினவங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு, எடுக்காம மிச்சமிருக்கிறதுக்குக் காசு வரணும். சர்வீஸ் பணத்தைப் பெருசா காட்டி இதை ஓசைப்படாம விட்டுடுவாங்க.

கிவா ஆப்ல (சவுதி அரசோட வேலை ஒப்பந்தத் தளம்) உங்க கான்ட்ராக்டைத் திறந்து, புதுப்பிக்க வேணாம்னா எத்தனை நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்னு பாருங்க. 30 இல்ல 60 நாள் போட்டிருக்கும். 60னா செப்டம்பர் 1க்கு முன்னாடி எழுத்துல போகணும். "ராஜினாமா"ன்னு எழுதிடாதீங்க. "கான்ட்ராக்டைப் புதுப்பிக்க விரும்பவில்லை"ன்னு இருக்கணும். அந்த ஒரு வரியிலதான் 9000மும் 6000மும் பிரியுது.

லீவு விசால போய் நின்னுடுற யோசனை வேணவே வேணாம். கான்ட்ராக்டை முறிச்ச ஆளா ஆயிடுவீங்க, அப்புறம் குடியாத்தத்துல உட்கார்ந்துக்கிட்டு தம்மாம்ல யாரைப் போய் கேக்கறது?

பாலாறு 632:

பாய் சொன்னதுக்குக் கீழே நாள் கணக்கு.

90 நாள் முன்பு: காரை விற்க ஆரம்பியுங்கள். உங்கள் பெயரில் வண்டி இருக்கும்வரை, அல்லது ஒரு டிராஃபிக் ஃபைன் பாக்கி இருந்தாலும், ஃபைனல் எக்ஸிட் போடமுடியாது. வாங்குபவர் காசைக் கொடுத்து சாவியை வாங்கிக்கொண்டால் போதாது. சவுதி அரசின் ஆன்லைன் சேவையான அப்ஷரில் உரிமை மாற்றம் முடிந்ததாகக் காட்டவேண்டும். பழைய வண்டியில் இன்சூரன்ஸும் ஃபஹஸும் (வண்டித் தகுதிச் சோதனை) காலாவதியாகி, அங்கேதான் மாற்றம் தடைபடும்.

60 நாள் முன்பு: கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டி, கணக்கை மூடச் சொல்லி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். கார்டை வெட்டிப் போட்டால் கணக்கு மூடியதாகாது. வருடக் கட்டணம் ஏறி, பிறகு வேறு வேலையாகவோ உம்ராவுக்கோ (மெக்கா புனிதப் பயணம்) வரும்போது வழக்காக நிற்கும்.

30 நாள் முன்பு: சர்வீஸ் சர்டிஃபிகேட் கேளுங்கள், கேட்டால் இலவசமாகத் தருவது கம்பெனியின் கடமை. பதவியின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி டெக்னீசியனாக உழைத்தவருக்கு இகாமாவில் (சவுதி குடியிருப்பு அட்டை) உள்ளபடி "லேபர்" என்று அடித்துத் தந்தால் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை கேட்கும்போது அது உதவாது.

எக்ஸிட் விசா: போடும் நாளில் இகாமாவில் குறைந்தது 30 நாள் மிச்சம் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது 60 நாள் மிச்சம் இருக்கவேண்டும். இகாமாவில் 60 நாளுக்கு மேல் மிச்சம் இருந்தால் விசா போட்ட நாளிலிருந்து கிளம்ப 60 நாள் அவகாசம் உண்டு, 30லிருந்து 60 நாள்தான் என்றால் இகாமா முடியும்வரை மட்டும். அதற்குள் போகாமலும் ரத்து செய்யாமலும் விட்டால் 1000 ரியால் அபராதம். ஆகவே இகாமாவில் 60 நாளுக்கு மேல் இருந்தால், அக்டோபர் கடைசியில் விசா போட்டாலும் டிசம்பர் இறுதிவரை நேரம் இருக்கிறது, பதற்றம் வேண்டாம்.

டிக்கெட்: கான்ட்ராக்ட் முடிந்து ஒரு வாரத்துக்குள் கம்பெனி கணக்கை முடிக்கவேண்டும் என்பது சட்டம். நவம்பர் 1க்கு டிக்கெட் போட்டால் அந்த ஒரு வாரத்தை நீங்களே விட்டுக்கொடுத்ததாகும். "விமானம் ஏறு, அக்கவுன்ட்டில் போடுகிறோம்" என்பார்கள். இகாமா முடிந்ததும் சவுதி பேங்க் கணக்கு முடங்கும், பிறகு எங்கே போடுவது? நவம்பர் 6 அல்லது 7க்குப் பார்த்துக்கொள்ளுங்கள், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும். வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் கம்பெனி செலவு, அதையும் கேளுங்கள்.

ஊரில் யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். எக்ஸிட் பேப்பர் கைக்கு வரும்வரை தேதி என்று ஒன்று கிடையாது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இரண்டு முறை தேதி தள்ளிப்போவது பெரிய வேதனை.

வாலாஜா கணக்கர்:

வங்கி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் செல்பேசி எண். என்ஆர்இ கணக்கில் சவுதி எண் பதிவாகியிருந்தால், சிம்மை ஒப்படைத்த நிமிடமே ஓடிபி நின்றுவிடும். ஒரு மாதம் முன்பே இந்திய எண்ணுக்கு மாற்றுங்கள். அந்த இந்திய சிம் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள், 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் துண்டித்துவிடுவார்கள். ஆதாரிலும் அதே எண் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

சர்வீஸ் பணத்தை அங்கிருந்தே என்ஆர்இ கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். மாதச் சம்பளத்தைவிடப் பல மடங்கு தொகை என்பதால் நிறுத்திவைத்து ஆதாரம் கேட்கலாம். செட்டில்மென்ட் தாளின் நகல் கையில் இருக்கட்டும். ரொக்கமாகக் கொண்டுவருவதானால் 60,000 ரியாலுக்கு மேல் சவுதியில் அறிவிக்கவேண்டும். இந்தியாவில் இறங்கும்போது நோட்டாக 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் அறிவிக்கவேண்டும்.

நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குத் தெரிவித்து என்ஆர்இ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றவேண்டும். பலர் வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிக்கு எதிரானது. எஃப்டியை உடைக்கத் தேவையில்லை, முதிர்வு வரை அதே வட்டி ஓடும். திரும்பிய நாளிலிருந்து அந்த வட்டிக்கு வரிவிலக்கு மட்டும் இல்லை. போட்டு ஒரு வருடம் ஆகாத என்ஆர்இ எஃப்டியை உடைத்தால் வட்டியே கிடைக்காது, அவசரப்பட்டு உடைக்காதீர்கள்.

வருமான வரிக்கு வேறு கணக்கு. நவம்பர் 7 முதல் மார்ச் 31 வரை 145 நாள், 182ஐத் தொடவில்லை. 60 நாளைத் தாண்டினாலும், முந்தைய 4 வருடத்தில் மொத்தம் 365 நாள் ஊரில் இருந்திருந்தால்தான் இந்த வருடம் உங்களை இங்கு வசிப்பவராகக் கொள்வார்கள். லீவு நாட்களைக் கூட்டிப் பாருங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

குடியாத்தம்னா சென்னையே போதும் சகோ. பெங்களூரு ஏர்போர்ட் தேவனஹள்ளில இருக்கு. ஹொஸ்கோட்டே, கோலார், வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியா வரணும். கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடுன்னு மூணு மாநிலம், டூரிஸ்ட் கார்னா பர்மிட் பார்க்கணும். வி.கோட்டாவுக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவுல பத்தலப்பல்லி மலைப்பாதை, ராத்திரில பெட்டி ஏத்தின வண்டியில அந்த வளைவு வேணாம். வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரங்களுக்கு பெங்களூரு ஓரளவு சரி.

சென்னைல இறங்கினா வேலூர் வரைக்கும் சுமார் 130 கிலோமீட்டர், ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, பள்ளிகொண்டான்னு டோல் வரும். பெட்டி குறைவா இருந்தா ஏர்போர்ட்லயே மெட்ரோ ஏறி நேரா சென்ட்ரல், அங்கிருந்து ரயில். குடியாத்தம் ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி மேல்ஆலத்தூர் பக்கம் இருக்கு, எல்லா எக்ஸ்பிரஸும் நிக்காது. காட்பாடில இறங்கி பஸ் பிடிக்கறது நிச்சயம். தீபாவளிக்கு முந்தின நாள் ரயில்ல பெட்டியோட ஏறவே முடியாது, அன்னிக்குக் கார்தான். நவம்பர் மழைக்கு ஒரு மணி நேரம் கூடவே வெச்சுக்கோங்க.

மும்பை வழியா டிக்கெட் மலிவா கிடைக்கும், கவனம். கஸ்டம்ஸ் மும்பைலயே முடியும், பெட்டியை அங்க எடுத்து மறுபடி போடணும். ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா இல்லைன்னா உள்நாட்டு விமானத்துல 15 கிலோதான், மிச்சத்துக்குக் காசு கட்டணும்.

அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டாதீங்க, சவுதில கவுன்டர்லயே திருப்பிடுவாங்க. அகல டேப் போதும். வெறும் பெட்டியே ஒண்ணரை கிலோ வரும், அதையும் சேர்த்து எடை போடுங்க. ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினா காசு கட்டினாலும் ஏத்த மாட்டாங்க. பவர் பேங்க் கைப்பையில. ஜம்ஜம் தண்ணியைப் பெட்டிக்குள்ள வெச்சா ஸ்கேன்ல எடுத்துடுவாங்க, ஏர்போர்ட்ல விக்கிற 5 லிட்டர் பெட்டியா வாங்குங்க. தங்கம், ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்த ஆம்பளைக்கு 20 கிராம் நகை. பொம்பளைக்கு 40. காயின், பிஸ்கட் இந்தச் சலுகையில வராது. அதுக்கு பில்லோட ரெட் சேனல் (கஸ்டம்ஸ்ல பொருளை அறிவிக்கிற வரிசை) போங்க.

கவுண்டன்ய ஆறு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பாஸ்போர்ட் பார்த்தேன், ஒரு தடவை லீவு நீட்டிச்சது 20 நாளுக்குள்ளதான் இருக்கு. இன்னும் ஒண்ணு. ஹெச்ஆர் ஒரு தாள்ல கையெழுத்து கேக்கறார், முழுக்க அரபி. எக்ஸிட் போடறதுக்கு வழக்கமா வாங்குறதுதான்னு சொல்றார். போடலாமா? சுகர் மாத்திரை வேற சாப்பிடறேன், ஊருக்கு வந்தா அந்தச் செலவுக்கு என்ன வழி?

மேல்விஷாரம் பாய்:

போடாதீங்க தம்பி. அது முகாலஸாவா இருக்கும். "எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துடுச்சு, கம்பெனி மேல எந்த உரிமையும் இல்ல"ன்னு எழுதியிருப்பாங்க. போன்ல படம் பிடிச்சு அரபி படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க. பணம் பேங்க்ல ஏறின பிறகு, தொகையையும் தேதியையும் உங்க கையால எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்து. அடம்பிடிச்சாங்கன்னா சவுதியை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே தொழிலாளர் அமைச்சகத்தோட சமரசப் பிரிவுல புகார் போடுங்க. வேலை முடிஞ்சு 12 மாசம் வரைக்கும் போடலாம், ஆனா அப்ஷருக்கும் புகாருக்கும் ஓடிபி அந்த சவுதி சிம்லதான் வரும். இந்தியத் தூதரகத்துக்கு மதத் போர்ட்டல்ல (வெளிநாட்டு இந்தியர்கள் புகார் சொல்ற அரசுத் தளம்) எழுதலாம்.

பாலாறு 632:

சுகருக்கு: கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோடு முடிந்துவிடும். அதற்கு முன் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்), கிரியாட்டினின் (சிறுநீரகம்), கண் பரிசோதனை மூன்றையும் அங்கேயே எடுத்து, அறிக்கையையும் மருந்தின் மூலப்பெயர் உள்ள சீட்டையும் கொண்டுவாருங்கள். சவுதி பிராண்ட் பெயரை மட்டும் சொன்னால் குடியாத்தம் மருந்துக்கடையில் கண்டுபிடிப்பது சிரமம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் முதல் தடவை காட்டும்போதும் இந்தப் பழைய அறிக்கைகளைக் கேட்பார்கள். மூன்று மாத மாத்திரையைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸை அங்கிருக்கும்போதே எடுத்துவிடலாம். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிடைக்காது, சுகர் போல முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு 3 வருடம் வரை போகும். இன்று எடுத்தால் அந்தக் கணக்கு இன்றே ஓட ஆரம்பிக்கும். படிவத்தில் சுகரை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பிறகு கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. வந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்று வாங்கி அதையும் விண்ணப்பியுங்கள்.