கடலில் எண்ணெய் கொட்டினால் நம்ம சங்க வண்டிகளை எப்படி அனுப்புறது?

மணலி_டேங்கர்:
எங்க லாரி சங்கத்துல உறிஞ்சும் லாரி, பொக்லைன், பம்ப் எல்லாம் இருக்கு. 2017 ஜனவரியில எண்ணூர்கிட்ட ரெண்டு கப்பல் மோதினப்போ எர்ணாவூர்ல வாளியில அள்ளினாங்க. மறுபடி அப்படி நடந்தா யார்கிட்ட சொல்லணும்? எதைத் தயாரா வெக்கணும்?

கரையோரம்:
கடலுக்குள்ள கடலோரக் காவல் படை, துறைமுக எல்லைக்குள்ள துறைமுகம், கரை ஒதுங்கிட்டா மாவட்ட நிர்வாகம். உங்க வண்டிக்கு வேலை கரையிலதான் சார், அதனால மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்க. ஆளாளுக்குப் போன் போடாம சங்கத்துலருந்து ஒரே பட்டியல், ஒரே ஆள். வண்டி எண், கொள்ளளவு, ரெண்டு ஷிப்டுக்கு டிரைவர், எத்தனை மணி நேரத்துல வரும், நாள் வாடகை. முக்கியமா ஹோஸ் நீளம். எர்ணாவூர் பக்கம் ரோட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல கருங்கல் குவியல், லாரி இறங்காது. 4 இஞ்ச் ஹோஸ் வேணும். கெட்டி எண்ணெய் 2 இஞ்சுல ஏறாது.

பம்ப்_செட்:
உள்ளே விசிறி வேகமாச் சுத்துற சாதா சென்ட்ரிஃபியூகல் பம்ப் வேண்டாம். எண்ணெயையும் தண்ணியையும் கடைஞ்சு கூழாக்கிடும், அளவு மூணு நாலு மடங்கு ஆகும். ரப்பர் சவ்வு முன்னே பின்னே அசைஞ்சு இழுக்கற டயாஃப்ரம் பம்ப் பரவாயில்ல. ஹோஸ் வாயில கம்பி வலைக்கூடை கட்டுங்க, இல்லேன்னா பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும் அடைச்சுக்கும்.

அதைவிட, எங்க கொட்டப் போறீங்கன்னு முதல்ல கேளுங்க. இது அபாயக் கழிவு, கழிவுநீர் நிலையத்துல இறக்க முடியாது. இடம் முடிவாகலன்னா முதல் டிரிப்போட எல்லா லாரியும் ரொம்பி நிக்கும். எண்ணெய்க் குழம்பு, மணல், கையுறை மூணும் தனித்தனியா. வெறும் கோணிப்பை ஒழுகும், உள்ளே தடி பிளாஸ்டிக் போட்டு பாதிதான் நிரப்பணும். சோப்புத்தூள் தூவ வர்றவங்களைத் தடுங்க, எண்ணெய் மறையாது, கலைஞ்சு தண்ணியில கலக்கும்.

கணக்குப்புள்ள:
எழுத்துல வேலை உத்தரவு இல்லாம வண்டி கிளப்பாதீங்க. கப்பல் எரிபொருள்னா கப்பல்காரரோட இன்சூரன்ஸ் தரணும், ஆனா 'நியாயமான செலவு'ன்னு நிரூபிச்சாத்தான். தினமும் டிரிப் ஷீட், டீசல் பில், நேரத்தோட போட்டோ. மூணு வருஷத்துக்குள்ள கேக்கணும். 2023 டிசம்பர்ல எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது மாதிரி எண்ணெய் நிலத்துலருந்து வந்தா இந்தக் கப்பல் விதி எதுவும் செல்லாது, வழி வேற.

மணலி_டேங்கர்:
ஒவ்வொரு லாரிக்கும் ஹோஸ் கப்ளிங் வேற வேற. என்ன பண்றது?

பம்ப்_செட்:
கேம்லாக் அடாப்டர் (கைப்பிடியை மடக்கினா பூட்டிக்கற இணைப்பு), 4 இஞ்சுக்கு 3, 3 இஞ்சுக்கு 2. லாரிக்கு ஒரு செட், கேஸ்கெட் உபரியா. எண்ணெய் பட்டா சாதா ரப்பர் ஊதிடும், எண்ணெய் தாங்குற நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குங்க.